மூன்று ஹார்ட் டிஸ்க்குகளைக் கொன்ற கதை

எங்கள் வீட்டில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. மூன்றையும் கொன்றவன் நான். இதை எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம், என் வாழ்நாள் முழுவதும் பௌதிகவியல் படிப்பித்தவன் நான் என்பதுதான். வேகமாகச் சுழலும் பொருளை உலுக்கினால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். (விளக்கியது பிள்ளைகளுக்கு. எனக்கல்ல.)

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. நான் பென்ஷன் எடுத்து வீட்டோடு இருந்தேன். மலைநாட்டில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு சரிவின் மேல் எங்கள் வீடு. மகள் வாசுகி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதியாண்டு. புசல்லாவைப் பக்கத்து மண்சரிவுகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அது நன்றாக அமைந்தால் முதல் வகுப்பு, முதல் வகுப்பு கிடைத்தால் விரிவுரையாளர் வேலை என்பது அவளுடைய கனவு. அதற்காகவே கடைத்தெருவில் கணினிக் கடை வைத்திருந்த ரிஸ்வானிடம் ஒரு கணினி வாங்கினோம்.

கட்டுரையில் வரைபடங்கள் இருந்தன. மலை, ஆறு, பாதை, பாலம் எல்லாம் குறித்த வரைபடங்கள். அவற்றைத் திரையில் பார்த்த அன்றே என் நித்திரை போய்விட்டது. கலவரத்தில் ஒருமுறை உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு ஓடியவன் நான். அதன்பிறகு எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் எங்களைப் போன்ற தமிழர்களின் வீடுகளில்தான் சோதனை. தெரிந்த ஒருவரின் மகனை, பையில் இருந்த ஒரு தெருப்படத்துக்காகச் சில நாள் உள்ளே வைத்து விசாரித்திருந்தார்கள்.

ஆகவே இரண்டு சட்டங்கள் இயற்றினேன். ஒன்றை வீட்டில் அறிவித்தேன்: ஃப்ளொப்பித் தட்டில் பிரதி எடுக்கக் கூடாது. சோதனைச் சாவடியில் அதற்குள் என்ன என்று கேட்டால் யார் பதில் சொல்வது? மற்றதை எனக்குள் வைத்துக்கொண்டேன்: வாசலில் வாகனம் நின்றால் கணினிப் பெட்டியை ஒளித்துவிட வேண்டும்.

ஒளிக்கும் இடத்தையும் தேர்ந்தெடுத்தேன். குளியலறைக்குப் பக்கத்தில் பிரம்பாலான அழுக்குத்துணிக் கூடை. எந்தப் பொலிஸ்காரனும் என் பழைய சாரங்களைக் கிளறமாட்டான் என்ற நம்பிக்கை. வாகனச் சத்தம் கேட்டதும் பெட்டியின் பின்னால் உள்ள வயர்களைப் பிடுங்கி, அதை அணைத்துக்கொண்டு ஓடி, கூடைக்குள் தொப்பென்று போட்டு, மேலே இரண்டு சாரத்தை எறிந்துவிட்டு வந்து பேப்பர் படிப்பேன். திரையை மட்டும் மேசையில் விட்டுவிடுவேன். அதைத் தொலைக்காட்சி என்று சொல்லலாம் அல்லவா? (விசைப்பலகை வைத்த தொலைக்காட்சி. மூளை அப்படி வேலை செய்தது.)

வந்தது காஸ் லொறியாகவோ பக்கத்து வீட்டு விருந்தாளியாகவோ இருக்கும். நான் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வயர்களைப் பொருத்திவிடுவேன். குளித்துவிட்டு வரும் மகள் திரை கறுத்திருப்பதைப் பார்த்துக் கேட்டால், "கரண்ட் நிண்டிட்டுது பிள்ளை" என்பேன். அந்தக் காலத்தில் யாரும் சந்தேகப்படாத பொய் அது.

முதல் டிஸ்க் இரண்டு அத்தியாயங்களோடு போனது. பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்துவதுபோல டிக் டிக் என்று சத்தம். ரிஸ்வான் வந்து பார்த்து, புது டிஸ்க் போட்டார். இரண்டாவது, சில வாரங்களில் அதே சத்தத்தோடு போனது. ரிஸ்வான் வயரை மாற்றினார், மின்சாரம் கொடுக்கும் பாகத்தை மாற்றினார், ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி கமலம் வெள்ளிக்கிழமைகளில் பெட்டிக்குத் திருநீறு பூசுவது வழக்கம். அது காற்றாடி வழியாக உள்ளே போயிருக்குமோ என்று ரிஸ்வான் தயங்கித் தயங்கிக் கேட்டார். கமலம் அழாத குறை. அன்றிலிருந்து பூசுவதை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில் நின்று, "பாத்தியே, நான் அப்பவே சொன்னனான்" என்றேன். இன்றைக்கும் அந்த வசனம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

போகும்போது ரிஸ்வான் கேட்டார்: "மாஸ்டர், ஓடிக்கிட்டு ஈக்கக்குள்ள யாராச்சும் இதத் தூக்கினீங்களா?"

"சீச்சீ, ஆர் தூக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயரைப் பிடுங்கிய பிறகும் சில வினாடி சுழலும் தட்டு, கூடை, தொப். விளங்கியவன் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் என் பயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. அடுத்த நாள் நான் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, பழைய டிஸ்க்கைப் புதிது என்று எங்கள் தலையில் கட்டிவிட்டதாக அவரை ஏசினேன். அவர் முகம் கறுத்தது. "நான் அப்பிடி யாவாரம் செய்றவன் இல்ல மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே இன்னொரு புது டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தார். அதைப் பெட்டிக்குள் பொருத்திவிட்டு, பின்னேரம் வரை தான் பக்கத்திலேயே இருந்து பார்க்கப்போவதாகச் சொல்லிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். கட்டுரை கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது. வாசுகி கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மூன்றாம் முறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கமலம் வடையும் தேத்தண்ணியும் வைத்தாள். கணினி சமர்த்தாக ஓடியது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வாசுகி சாப்பிட எழும்பிப் போன நேரம், கீழே தெருவில் ஒரு வான் வந்து நின்றது. கதவு அடிபட்டது. சப்பாத்துச் சத்தம் படியேறியது.

அடுத்து நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. பெட்டியைத் தூக்கினேன். கழற்ற மறந்த வயர்களோடு விசைப்பலகை வந்தது, அதோடு வடைத்தட்டும் வந்தது. ஓடினேன். தொப். இரண்டு சாரம். திரும்பி வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். எதிரே, கடித்த வடையோடு ரிஸ்வான்.

வாசலில் நின்றது அவரை ஒரு கல்யாண வீட்டுக்கு ஏற்றிப்போக வந்த அவருடைய மச்சான்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்றாள் கமலம், சிதறிய வடைகளுக்கு நடுவே நின்றபடி.

ரிஸ்வான் வடையை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "மாஸ்டர், இது எத்தினையாவது தரம்?"

"ஏழெட்டு இருக்கும். பொலிஸ் எண்டு நினைச்சு." பிறகு, உண்மையை முழுதாகச் சொல்லிவிடுவோம் என்று, "ஒருக்காலும் பொலிஸ் வரேல்லை" என்றேன்.

வாசுகி பெட்டியைக் கூடையிலிருந்து எடுத்துவந்து, மின்சாரம் கொடுத்து, காதை வைத்துக் கேட்டாள். அதே டிக் டிக். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரைபடத்துக்குப் பயந்துதான் என்று நான் சொன்னபோது, "அப்பா, அது அரசாங்கக் கந்தோரிலை ஆருக்கும் விக்கிற படம்" என்றாள்.

ரிஸ்வான் செத்த டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். "டிஸ்க்குக்கு ஒரு வருஷம் கேரண்டி குடுக்கலாம் மாஸ்டர். பயத்துக்கு என்னால குடுக்க ஏலா." பிறகு வாசுகியிடம், அடுத்த நாளே கடைக்கு வந்து அங்குள்ள கணினியில் தட்டச் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் மகளோடு நானும் போய்க் கடையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முன்பு நான் கத்தியதைக் கேட்டவர்கள் வந்தபோதெல்லாம் எழுந்து நின்று, டிஸ்க் நல்லது, உடைத்தவன் நான் என்று சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லி முடியும்வரை ரிஸ்வான் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

வாசுகி கடைசி நாளில் கட்டுரையைக் கொடுத்தாள். முடிவுரையை அரைவாசியாகச் சுருக்க வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டாம் வகுப்புக் கிடைத்தது. விரிவுரையாளர் வேலை கிடைக்கவில்லை, பாடசாலையில் ஆசிரியையானாள். அதனால்தான் இப்படியானது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை.

போன மாதம் என் கைத்தொலைபேசி அடிக்கடி தானாக நின்றுபோனது. வாசுகி என்னை ரிஸ்வானின் கடைக்குக் கூட்டிப்போனாள். அவர் அன்று கடையில் இல்லை. அவருடைய மகள் மேசைக்குப் பின்னால் இருந்தாள், என்னை அறியாதவள். தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருத்துவர் காய்ச்சல் உண்டா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"வீட்டில பென்ஷன் எடுத்த மாஸ்டர் யாரும் ஈக்கிறாங்களா?"

வாசுகி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எதைத் திருத்தக் கொண்டுவந்தாலும் முதலில் இதைக் கேட்க வேண்டும் என்று வாப்பா பழக்கியிருப்பதாக அந்தப் பிள்ளை விளக்கம் சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஓம் பிள்ளை, ஒருத்தர் இருக்கிறார்" என்றேன்.