அசரியா பிங்கமுக்குப் பட்ட அடி

இந்த மே மாதத்தில் மனைவி வெர்ணாவின் வாயை அடைத்தே தீருவது என்று ஆர்லோ பிங்கம் முடிவு கட்டினார்.

ஒஹாயோவில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் ஆர்லோ. அவருடைய எள்ளுத்தாத்தா அசரியா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து, பீரங்கிக் குண்டு பட்டு, சாகும்வரை நொண்டி நடந்தவர். வெர்ணா டென்னசிக்காரி, அவள் முன்னோர் தெற்கின் படை. முப்பத்தொரு வருடமாக, நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டும்போதெல்லாம் ஆர்லோ ஆரம்பிப்பார்: "எங்க தாத்தா வர்றார்னு தெரிஞ்சதும் உங்க ஆளுங்க ஓடின ஓட்டம் இருக்கே..."

"ஆதாரம் இருக்கா?" என்பாள் வெர்ணா. அதற்குமேல் பேச மாட்டாள்.

இந்த வருடம் மே மாதக் கடைசியில் வரும் போர்வீரர் நினைவு நாளில் பேச ஊர் நூலகம் ஆர்லோவை அழைத்தது. உடனே அசரியாவின் படைப்பிரிவு விவரம், ஓய்வூதிய மனு எல்லாவற்றையும் கேட்டு வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டார். ஆறு வாரத்தில் தடித்த உறை வந்தது. வெர்ணா தோட்டத்தில் இருந்தாள். ஆர்லோ சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தார்.

அசரியா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. காலாட்படைக்கு ரொட்டி வண்டி ஓட்டியவர். காயம்? மூன்று பேர் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருந்தார்கள். தன் தொப்பியை வண்டி இழுக்கும் கோவேறு கழுதைக்குப் போட்டு அழகு பார்த்திருக்கிறார். கழுதைக்குப் பிடிக்கவில்லை. பட்ட இடம் என்று மருத்துவர் எழுதியிருந்ததை மேடையில் சொல்லவே முடியாது. அது குண்டடி இல்லை. குளம்படி.

இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தி, காகிதக் கட்டைக் கார் கொட்டகையில் பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செருகினார்.

"தபால் வந்ததா?" என்றாள் வெர்ணா.

"வந்தது. எல்லாம் தீயில எரிஞ்சு போச்சாம்."

"அடப்பாவமே. அப்ப என்ன பேசுவீங்க?"

"ஆதாரம் இல்லாம பேசக்கூடாது இல்லையா? நீயே நூலகத்துல சொல்லிடேன்."

சொல்லிவிட்டு வந்தாள். "நீங்க பேச வேணாமாம். வேற ஆள் பாத்துட்டாங்க."

ஆர்லோ அன்றைக்கு இரண்டு துண்டு ஆப்பிள் கேக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

நினைவு நாளன்று முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேடையில் ஏறியது வெர்ணா. கையில் அந்தக் காகிதக் கட்டு.

ஆர்லோ காலை மடக்கினார். வாசலைப் பார்த்தார். நடுவில் எண்பது பேர் இருந்தார்கள்.

தொப்பி, கழுதை, உதை எல்லாவற்றையும் அவள் சொன்னாள். கூட்டம் சிரித்தது. பிறகு ஏழாம் பக்கத்தைப் படித்தாள். உதை வாங்கிய ஐந்தாம் நாள் அசரியா மறுபடி வண்டியேறியிருக்கிறார். மூன்று நாள் மழையில், குண்டு பறக்கிற பாதையில், அறுநூறு பேருக்கு ரொட்டி கொண்டுபோயிருக்கிறார். உட்கார முடியாததால் வழி முழுக்க நின்றபடி ஓட்டியிருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் ஆர்லோவின் தோளைப் பிடித்து, "நல்ல மனுஷன்யா உங்க தாத்தா" என்றார். ஆர்லோவும் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் கேட்டார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உறையை மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. எரிஞ்சு போச்சுன்னு எழுத அவ்வளவு பெரிய உறை எதுக்குங்க? நீங்க எதை ஒளிச்சாலும் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலதானே."

"ஏழாம் பக்கம் வரைக்கும் நான் படிக்கல, வெர்ணா."

"தெரியும். ஜூலை சுதந்திர நாள் ஊர்வலத்துல ரொட்டி வண்டி ஒண்ணு விடறாங்களாம். நீங்கதான் ஓட்டணும்னாங்க. சரின்னுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கழுதைக்காரர்கிட்ட கேட்டாச்சு. கழுதைக்கு ஆட்சேபணை இல்லையாம்."