கூரையிலிருந்து இறக்கிய கருவியும் என் இடது புருவமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே அனைவரும் நலம். நலம் என்றால் உயிரோடு இருக்கிறோம், என் இடது புருவம் மட்டும் இல்லை. தங்கள் வீட்டார் இரண்டு புருவத்தோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று தங்கள் மகள் பெட்டியோடு அங்கே வந்து இறங்கியதற்குக் காரணம் நான்தான். என் மகனைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கும் அளவுக்குக்கூட அவனுக்கு விவரம் கிடையாது. நான் எண்ணெய் டின் சுமந்து மேலே வந்தவன். மூடியைத் திறக்கும் முன்பே கலப்படத்தை மோந்து சொல்லிவிடும் இந்த மூக்குதான் என் முதல். அதை நம்பித்தான் எண்ணெயை இறுக்கிக் கட்டியாக்கும் வனஸ்பதி ஆலையும் வைத்தேன். அந்த வேலைக்கு ஹைட்ரஜன் வேண்டும். பாதுகாப்பு இன்ஜினியரான மருமகள், கசிந்தால் அலறிக் காட்டும் கருவிகளை வாங்கிக் கூரையை ஒட்டி மாட்டினாள். "காஸ் கீழதானம்மா தங்கும், நம்ம அடுப்படியில முழங்கால் உயரத்துலதானே மாட்டியிருக்கோம்?" என்றேன். "மாமா, அது சமையல் காஸ், கனம். இது காத்தைவிட லேசு, நேரா மேல போயிடும். வாசனையும் வராது" என்றாள். வாசனையே இல்லாத சரக்கு உலகத்தில் உண்டா? அவள் பயிற்சிக்குப் போயிருந்த இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். ஒரு சத்தம் இல்லை. "பாத்தியா, துளி கசிவு இல்ல" என்று ஃபோர்மேனிடம் பெருமை வேறு.

முந்தாநாள் காலை அவள் திரும்பி வந்தாள், கருவிகளைப் பார்த்தாள், குழாய்ப் பக்கம் உஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டாள், முகம் வெளுத்து "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திவிட்டு, நீளக் கம்புத் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வால்வை மூட அடிமேல் அடி வைத்து நடந்தாள். "பெருக்கத்தான் ஆள் இருக்கே, உனக்கு எதுக்கும்மா?" என்று நான் குறுக்கே போனேன். "மாமா, நில்லுங்க!" என்றாள். பட்டப்பகலில், வெறும் காற்றில், துடைப்பம் குப்பென்று பற்றிக்கொண்டது. சம்பந்தி, அங்கே ஒன்றுமே இல்லை! நெருப்பும் தெரியவில்லை, புகையும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என் புருவத்தைத் தின்றது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை என் மகன் எழுதியிருப்பான், வரிக்கு நாலு பிழையோடு.

வால்வை மூடிவிட்டு வந்தவள், "இந்தத் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது, துடைப்பம் பத்தினாத்தான் தெரியும். இந்த ஆலையில நான் இருக்கணுமா, உங்க மூக்கு இருக்கணுமா, முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

முடிவு செய்துவிட்டேன். அவள்தான். கருவிகளைக் கூரைக்கே ஏற்றியாயிற்று. இனி அவற்றைத் தொடமாட்டேன், ஏணிப் பக்கமே போகமாட்டேன். இது என் மூக்கின் மேல் சத்தியம். நாற்பது பேர் உயிர் இருக்கிற இடம். இதைக் கொண்டுவரும் டிரைவரோடு அவளை அனுப்பி வையுங்கள்.

தங்கள் குலம் தீ அண்டாமல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை எழுதும்போது கூரைக் கருவி ஒன்று ஓயாமல் அலறியது. மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. எழுத்தே ஓடவில்லை என்று ஏணி வைத்து ஏறி ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மேற்படி சத்தியத்தை நிம்மதியாக எழுதினேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது நாற்பது பேரும் ரோட்டில் நிற்கிறோம், காவலாளி முதுகில் வைத்து எழுதுகிறேன். மருமகள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, துடைப்பத்தோடு வரட்டும். எங்களுடையது எரிந்துவிட்டது.