பூசணிக்குக் குரைப்புப் பாடம்

மச்சினனை வீட்டுக்குள் விடக் கூடாது. இப்படி ஒரு தீர்மானத்தை எடுத்துவிட்டு, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஆறு மாதம் தங்கப் போகிறானாம். அதுவும் முன்னறையில். அந்த வீட்டில் உருப்படியாக வெளிச்சம் வருவதே முன்னறை ஜன்னல் ஒன்றில்தான். அதற்குக் கீழேதான் அவருடைய வேலை மேஜை.

"மேஜையை எங்க போடறது?"

"பின்னாடி, வாஷிங் மெஷின் பக்கத்துல" என்றாள் மனைவி.

"அது சுத்த ஆரம்பிச்சா வீடே ஆடுது! அங்க உக்காந்து ஒரு திருகாணியைக் கழட்டினா அது பக்கத்து வீட்டுலதான் போய் விழும்."

"ஆடாதப்போ வேலை பாருங்க."

"எப்ப ஆடாது?"

"நான் துவைக்காதப்போ."

அவள் துவைக்காத நாள் என்று ஒன்று உண்டா என்பது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அவருக்குத் தெரியவில்லை.

மச்சினன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வாத்தியார் வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற ஆளும் இல்லை. அத்தான் குளிக்கப் போனால்கூட, "ரெண்டு பக்கமும் பாத்துப் போங்க" என்பான். உலகத்தில் அவன் பயப்படுவது நாய்க்கு மட்டும்தான். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்க்கா. உங்க நாய் ஒரு தடவை குரைச்சாலும் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தான்.

ஒரு தடவை குரைத்தால் போதும். ஆனால் பூசணி குரைக்காதே! பெயருக்கு ஏற்ற உடம்பு. மேஜைக்கு அடியில் படுத்தால் படுத்ததுதான். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் வீடு மாறி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடித்துவிட்டுப் போனார். பூசணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

பூசணி குட்டியாக இருந்து செருப்பைக் கடித்த காலத்தில் மனைவி வாங்கிய ஒரு சின்னப் புத்தகம் அலமாரியில் கிடந்தது. நாய்களின் கெட்ட பழக்கங்களைத் திருத்துவது பற்றியது. ஏழாம் பக்கத்தில் அவர் கண் நிலைகுத்தி நின்றது. 'ஹெல்மெட், குடை போன்றவற்றைக் காட்டி நாயைப் பயமுறுத்தாதீர்கள். அது குரைத்ததும் விலகி ஓடாதீர்கள். குரைத்தால் ஆபத்து போய்விடும் என்று கற்றுக்கொண்டு, அதையே பழக்கமாக்கிக்கொள்ளும்.'

செய்யாதே என்று போட்டிருந்ததை எல்லாம் வரிவிடாமல் செய்வது என்று முடிவு கட்டினார்.

பூசணி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை மச்சினன் வந்து விட்டுப்போன பழைய சிவப்பு ஹெல்மெட் பரணில் இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் வருவாள். திங்கட்கிழமை அவள் தெருமுனை திரும்பியதும் இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், பெல்லை அடித்துவிட்டு, "பிரேக்! கிளட்ச்!" என்று கத்தியபடி தடதடவென்று உள்ளே பாய்ந்தார்.

பூசணி எழுந்தே விட்டது. இரண்டாம் தடவை பின்வாங்கியது. எட்டாம் தடவை, பாவம், உடம்பெல்லாம் நடுங்க, 'வள்' என்றது. உடனே வெளியே ஓடினார்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"என்ன சார், சொந்த வீட்டுக்கே பெல் அடிக்கிறீங்க?" என்றாள் தையல்கார அம்மா.

"பெல் ரிப்பேர். சரி பாக்கறேன்."

"அதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?"

"ஷாக் அடிக்கும்ல!"

தையல் மெஷின் மறுபடி ஓடவில்லை. அது அவரை உறுத்தியது. அன்று மதியம் மனைவி ஏதாவது கேட்பாளோ என்று சாப்பாடே இறங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டுப் படுங்க, களைப்பாத் தெரியறீங்க" என்றாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் பாடம் ஏறிவிட்டது. ஹெல்மெட்டைக் கண்டதும் பூசணி வீடு அதிரக் குரைத்தது. கூடவே வாலும் ஆடிய மாதிரி இருந்தது. வீரம் வந்தால் வாலும் ஆடும் என்று நினைத்துக்கொண்டார். ஹெல்மெட்டுக்குள் ஈரமாக இருந்ததைத் தன் வியர்வை என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு. பத்தரை மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம். கடிகாரக்காரர் நெஞ்சு, பழுதான அலாரம் மாதிரி அடித்தது. வாசலில் மச்சினன், தலையில் புது ஹெல்மெட். அதுவும் சிவப்பு!

பூசணி பாய்ந்தது. வள்! வள்! வள்!

மச்சினன் இரண்டு படி பின்னால் போனான். முகம் வெளுத்துவிட்டது. இன்னும் ஒரு படி போனால் தெரு. போ, போ, என்று கடிகாரக்காரர் மனசுக்குள் கெஞ்சினார்.

"ஓடாதே. ஹெல்மெட்டைக் கழட்டித் தலைகீழாக் கீழ வை" என்றாள் மனைவி.

வைத்தான். பூசணி அதற்குள் முகத்தை முழுசாக விட்டுத் தேடியது. ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, மச்சினன் கையை முகர்ந்து, நக்கி, வாலை ஆட்டியபடி அவன் காலடியில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

மனைவி கணவன் காதோரம் வந்தாள். "நீங்க ஏழாம் பக்கத்தோட நிறுத்திட்டீங்க. நான் எட்டாம் பக்கமும் படிச்சேன். நாய் எதைப் பாத்துப் பயப்படுதோ, அதுல வெச்சே அதுக்குப் பிடிச்சதைக் குடுக்கணுமாம். நீங்க தினம் தூங்கினதும் அந்தப் பழைய ஹெல்மெட்லதான் ஈரல் போட்டேன்."

அந்த ஈரம் வியர்வை இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மச்சினன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, வேற ரூம் பாத்தாச்சு, இங்க வரலைன்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா என்னைப் பாத்து வாலாட்டின முதல் நாய் இதுதான்."

கடிகாரக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும் போலிருக்கிறதே!

"எல்லாம் உங்க அத்தான் பழக்கினது. அஞ்சு நாளா உன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, பெல் அடிச்சு, உன்னை மாதிரியே கத்தி... எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டுப் பாரு."

"எனக்காகவா அத்தான்?" மச்சினன் கண் கலங்கிவிட்டது. "இனிமே நான் வேற எங்க போவேன்!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

மச்சினன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேஜையின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை இவர் தூக்கித்தான் ஆகவேண்டும்.

"பயப்படாதீங்க அத்தான், நான் பாத்துக்கறேன். மெதுவா ரிவர்ஸ் எடுங்க... போலாம்... போலாம்... இன்னும் போலாம்..."