இருபத்து நான்கு மணி நேரம் காயாத ஷூ

எல்லாவற்றையும் எழுதி வைப்பவன் எதிலும் சறுக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பல வருடம் பரப்பியவர்களில் நானும் ஒருவன். மன்னித்துவிடுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். ஒரு தையல் விலகினாலும் ஜோடியைத் திருப்பி அனுப்புகிறவன். நாற்பத்தாறாவது வயதில், தோல் தொழிலில் இருப்பவர்களுக்கான இரட்டையர் டென்னிஸ் போட்டியில் பெயர் கொடுத்தேன். கூட்டாளி, வாணியம்பாடித் தோல் ஆலை ஒன்றின் மேலாளர் நசீர் பாய். முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்தப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக ஆடியும் அவர் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. இந்த முறை அரையிறுதி வரை வந்துவிட்டோம். அதில் ஜெயித்தால், இறுதியில் தோற்றாலும் ஒரு கோப்பை உறுதி. அவர் மனைவி ஷோகேஸின் நடுத்தட்டைக் காலி செய்து, பூப்போட்ட துணி விரித்து வைத்துவிட்டாராம்.

நான் தயாராக இருந்தேன். மூன்று மாதம் பாலாற்று மணலில் காலை 5.40க்கு ஓட்டம். ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு வாழைப்பழம் ஒன்று. இரண்டு கேமுக்கு ஒரு முறை தண்ணீர், ஆறு மடக்கு. மனப்பயிற்சிக்கு டைரியில் தனிப் பக்கம்: 'ஒவ்வொரு பாயிண்டுக்குப் பிறகும் வலது ஷூவின் நுனியைப் பார். மூன்று மூச்சு விடு. போன பாயிண்டை மற.' நசீர் பாய்க்கும் ஒரு நகல் கொடுத்தேன்.

"நான் குனிஞ்சா முட்டிதான் தெரியுது சேகரு. பேஜார்தான் ஜாஸ்தியாவுது" என்றார்.

டைரியில் இல்லாதது ஒன்றுதான். ஷூ.

அரையிறுதிக்கு முதல் நாள், சனிக்கிழமை மாலை, என் ஷூவின் சோல் தேய்ந்திருப்பதைக் கவனித்தேன். நம் கையில்தான் தொழிற்சாலையே இருக்கிறதே! பசை ஒட்டும் பிரிவில் செல்வியிடம் கொடுத்துப் புது சோல் ஒட்டச் சொன்னேன். (செல்வியின் வேலையை நான் திருப்பி அனுப்பிய தடவைகளுக்கும் டைரியில் கணக்கு இருக்கிறது. அதை இங்கே சொல்லப் போவதில்லை.) ஒட்டி முடித்ததும், காயும் வரை யாரும் எடுக்கக் கூடாது என்பதற்கான சிவப்பு அட்டையை அவர் ஷூவில் கட்டினார்.

"நாளைக்கு சாயந்தரம் எடுத்துக்கோங்க சார்."

"காலையில மேட்ச்சும்மா."

"இருபத்தினாலு மணி நேரம் காயணும் சார். நீங்கதான் செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க."

"அது ஏற்றுமதி ஆகுற ஷூவுக்கு. இது ஒரு மணி நேர ஆட்டம்தானே" என்று அட்டையைப் பிய்த்தேன். செல்வி அதைப் பொறுக்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை 8.05க்கு ஆட்டம் தொடங்கியது. முதலில் எட்டு கேம் எடுப்பவருக்கு வெற்றி. ஐந்துக்கு மூன்று என்று முன்னிலையில் இருந்தோம். பாயிண்ட் முடிந்ததும் மனதை அமைதிப்படுத்த ஷூவைப் பார்த்தேன். ஷூ என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. அரை சென்டிமீட்டர் இருக்கும். அடுத்த பாயிண்டுக்குப் பிறகு ஒன்று. அதன் பிறகு எனக்குப் பந்து தெரியவே இல்லை.

"இன்னா சேகரு, ஷூவ மொறச்சிக்கினே நிக்கிறீங்க? பந்து அந்தாண்ட போவுது!"

ஐந்துக்கு ஐந்து. நெட்டுக்கு அருகே ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்தேன். பந்தைத் தொட்டேன். பந்து எதிர்ப்பக்கம் போனது. அதற்கு முன்பே என் வலது சோல் போய்ச் சேர்ந்திருந்தது. ஆட்டக்காரர் அணிந்திருப்பது எதிராளியின் பக்கம் விழுந்தால் பாயிண்ட் போச்சு என்பது விதி. (அந்த விதியையும் டைரியில் எழுதி வைத்திருந்தேன்.)

ஆட்டம் பார்க்க வந்திருந்த செல்வி கூட்டத்திலிருந்து இறங்கி வந்தார். கையில் பார்சல் ஒட்டும் டேப்.

"இது எப்படிம்மா உங்கிட்ட?"

"எப்படியும் சோல் கழண்டு வரும்னு தெரியும் சார். வீட்லேர்ந்தே எடுத்துட்டு வந்தேன்." சோல் போன அடிப்பாகத்தோடு சேர்த்து ஷூவைச் சுற்றிப் பதினொரு சுற்று. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பாஸா சார், ரிஜெக்டா?"

நடுவர்கூடச் சிரித்தார். எதிரணி நாங்கள் தயாராகும் வரை பொறுமையாகக் காத்திருந்தது. ஆனால் டேப் வழுக்கியது. என் பக்கத்துப் பந்துகளுக்கும் நசீர் பாய் அந்த முழங்காலோடு ஓடினார். எட்டுக்கு ஆறு என்று தோற்றோம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஸ்கோர் பலகையையே பார்த்தார். அவர் எழுந்து, நொண்டியபடி எதிர்ப்பக்கம் போய், சோலை எடுத்து வந்தார்.

"இது ஒரே அடியில நெட்டத் தாண்டிடுச்சு. உங்க சர்வீஸ்ல பாதி தாண்டல" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் பேச்சுக்கு இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அன்று அவர் என்னோடு பேசாமல் போயிருந்தாலும் நியாயம்தான்.

இப்போது எங்கள் பிரிவில் சிவப்பு அட்டையைக் கழற்ற என் கையெழுத்து மட்டும் போதாது. செல்வியின் கையெழுத்தும் வேண்டும். நானே கொண்டுவந்த விதி. வீட்டில் நான் எதற்கு அவசரப்பட்டாலும், "இருபத்தினாலு மணி நேரம் ஆயிடுச்சா?" என்பாள் மனைவி.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நசீர் பாய் வீட்டுக்குப் பிரியாணிக்குப் போகிறேன். ஷோகேஸின் நடுத்தட்டில், பூப்போட்ட துணியின் மேல், என் சோல் நிமிர்ந்து நிற்கிறது. அன்று நான் பிய்த்துப் போட்டு, செல்வி ஒட்டவைத்துக் கொடுத்த சிவப்பு அட்டை அதில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் நசீர் பாய் என்னைக் காட்டிச் சொல்வார்: "என் கப்பு. இவர்தான் ஸ்பான்சர்."