அசையாத முள்ளும் ஓடாத வானும்

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு வான் ஓடுவதற்கு எஞ்சினைவிட அனுமதிக் கடதாசி முக்கியம் என்பது குழந்தைக்கும் தெரியும். கொட்டாஞ்சேனை செபஸ்தியனுக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, முப்பத்தைந்து வருசமாக டீசல் எஞ்சினோடு சீவித்தவர். வெள்ளவத்தைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் அவருடைய வானின் அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அடுப்பு எரியாது.

பரிசோதனை அதிகாரி சிவானந்தன் வெளிநாட்டில் மூன்று கிழமை பயிற்சி பெற்று, ஒரு கழுத்துப்பட்டியோடும் காற்றோட்டம் அளக்கும் ஒரு கருவியோடும் திரும்பியிருந்தார். கருவியை வானின் டர்போவில் பூட்டினார். எஞ்சின் கக்கும் புகையில் சுழலும் சின்னச் சக்கரம்தான் டர்போ. செபஸ்தியனுடையது புது மாதிரி. சக்கரத்தைச் சுற்றி இதழ்கள் இருக்கும். வான் மெல்லப் போனால் ஒடுங்கும், விரைந்தால் விரியும்.

“இதழ் எத்தனை பாகை?”

“அது மாறும், சேர்.”

“ஃபோர்மில ஒரு பெட்டிதான் இருக்கு. இந்தக் காலத்தில உருவம் மாறுற சாமானை எப்படி ஐசே பதியிறது?”

செபஸ்தியன் வயிறெரிய இதழ்களை ஒரே நிலையில் வைத்து வெல்டிங் செய்துகொண்டு மறுநாள் வந்தார். எஞ்சினை இயக்கியதும் கருவியின் முள் துடித்தது.

“ஏன் துடிக்குது?”

“நாலு சிலிண்டரும் முறை வைச்செல்லோ ஊதுது, சேர். புகை விட்டு விட்டுத்தான் வரும்.”

“எங்கட கருவி சீரான காத்துக்குச் செய்தது. அதில பிழையில்லை. உம்மட எஞ்சின்தான் ஒழுங்கீனமா மூச்சு விடுது.”

“நீங்களும் அப்பிடித்தானே விடுறியள்?”

“நான் பரிசோதனைக்கு வரேல்லை. எஞ்சினை நிப்பாட்டும்.”

நிற்பாட்டினார். முள் அசையாமல் கிடந்தது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. மும்மொழியிலும் அனுமதி வழங்கப்பட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ‘மேற்படி வாகனம் எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் மாத்திரம் சேவையில் ஈடுபடலாம்.’

“வேற வான் பாருங்கோ பிள்ளை,” என்றார் செபஸ்தியன், இரண்டு பிள்ளைகளின் தாயான நேசமலரிடம்.

“கடதாசி இருக்கோ?”

“கடதாசி இருக்கு. வான்தான் ஓடாது.”

“பிறகென்ன அண்ணை? கடதாசி இல்லாத வானைச் சோதனைச் சாவடியில ரெண்டு மணித்தியாலம் மறிச்சு வைக்கிறாங்கள். நாங்கள் தள்ளுறம்.”

தள்ளினார்கள். சாவடியில் சிப்பாய்கள் கடதாசியைப் பார்த்துச் சலாம் அடித்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதுவே நாகரிகமாகிவிட்டது. வெள்ளவத்தையில் தள்ளுவதற்கென்றே வெள்ளைச் சப்பாத்து விற்றார்கள். ஓடுகிற வானில் பிள்ளையை அனுப்புவது குடும்பத்துக்கு மரியாதைக்குறைவு. சிவானந்தனும் தன் மகளைச் செபஸ்தியனின் வானில் சேர்த்தார்.

ஒருநாள் காலி வீதியில், கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துவிட்டு அவரும் தள்ளினார். செபஸ்தியன் ஜன்னலால் தலையை நீட்டினார்.

“வான் குலுங்குது, சேர். சீராத் தள்ளுங்கோ!”

“விட்டு விட்டுத்தான் ஐசே தள்ளலாம்! மனுசன் மூச்செடுக்க வேண்டாமோ?”

“ஃபோர்மில அதுக்குப் பெட்டியில்லையே, சேர்.”

அதிகாரி யோசித்தார். அடுத்த கிழமை சுற்றறிக்கை வந்தது: தள்ளும் பெற்றோரும் சாரதியும் அதே கருவியில் பரிசோதிக்கப்படுவர்.

விடியமுன்னரே வரிசை சந்திவரை நீண்டது. நேசமலர் நின்றார், சிவானந்தன் நின்றார், செபஸ்தியனும் நின்றார். இது என்ன கூத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.