வளையலோடு கட்டிய ஹீட்டர்

மெட்ராசில் கார் வைத்திருப்பவர் எதற்கு வேண்டுமானாலும் ஆசைப்படலாம். ஹீட்டருக்கு ஆசைப்பட்டால் மட்டும் அவரை மசூதிக்கு அழைத்துப் போய் மந்திரித்துக்கொண்டு வர வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். (எனக்குக் கையெழுத்துகூட வராது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறாள். ஏய், எழுதுடி!)

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை. வடக்கே குளிர் ஊரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், மாற்றலாகிப் போகும்போது தன் பழைய சீமைக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில்தான் இந்த ஹீட்டர். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினில் கொதிக்கிற தண்ணீர் அதற்குள் வந்து போகும், காருக்குள் கதகதப்பாக இருக்கும். ஆவடியில்! வைகாசியில்! ஏற்கெனவே புழுங்கிச் சாகிறோம், இதில் கதகதப்பு வேறு.

அது ஒழுகுகிற சங்கதி என் வளைகாப்பு அன்றுதான் தெரிந்தது. வீட்டில் நாத்தனார் கல்யாணம் இருந்ததால், இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலோடு அம்மா வீட்டிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டாபிராம் தாண்டியதும் என் காலடியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஓடியது. பின்னால் இருந்த மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

"அய்யய்யோ, பனிக்குடம் ஒடஞ்சிடுச்சிடா! வண்டிய நிறுத்து, எதுனா ஊட்டுல மருத்துவச்சி கீறாளா கேளு!"

இவர் இறங்கி ஓடிவந்து, குனிந்து, விரலால் தொட்டு மோந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அம்மா, துரு வாசன அடிக்குது. ஹீட்டர் பூட்ச்சிமா."

நான் "அப்பாடா" என்றேன். இவர் என்னை முறைத்தார். பிள்ளை பிறந்திருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

பார்த்த மெக்கானிக் எல்லாம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணாத்தே, ஹீட்டருக்குப் போற ரெண்டு குழாயையும் ஒண்ணா சேத்து வுட்டுடு. மெட்ராசுக்கு இன்னாத்துக்கு ஹீட்டரு?" இவர் கேட்டால்தானே! "அதிகாரி குட்த்த வண்டிமே. ஒரு சாமான் கொறயக் கூடாது" என்று பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைந்து, எந்தக் காலத்துக் காரிலிருந்தோ கழற்றிய இன்னொரு குட்டி ரேடியேட்டரை, கோயில் பிரசாதம் மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

வந்ததும் மாட்டினாரா? இல்லை. என் நாத்தனார் சரோஜாவின் மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில்தான் டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீடு பாடியில். சம்பந்தியம்மா நாகம்மா ஒரே பிடிவாதம்: "பெரியவன கார்லதான் இட்டுகினு போனாங்க. சின்னவனுக்கு மட்டும் ரிச்சாவா? கார் வந்தாத்தான் என் புள்ள வாசப்படி தாண்டுவான்." அன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை படி தாண்டியாக வேண்டும். கார் போகாவிட்டால் கல்யாணமே தகராறு. சரோஜா காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் இவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க வாமே. என் கை உள்ள பூற மாட்டேங்குது. உன் கை சின்னது. குழாய அழுத்திப் புட்ச்சிக்கோ, நான் கீழர்ந்து கம்பி கட்டறேன்."

(மாசமாக இருக்கிறவளைச் செய்யச் சொல்கிற வேலையா? நானும் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.)

முன் சீட்டில் உட்கார்ந்து, சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றிய ஓட்டை வழியாக வலது கையை முழங்கை வரை விட்டேன். இவர் கீழே மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்து, தடவித் தடவிக் கம்பியைச் சுற்றினார்.

"புட்ச்சிகினியா?"

"புட்ச்சிகினேன்யா, சீக்கிரம்!"

குறடால் முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். தண்ணீர் ஊற்றினார். சொட்டு ஒழுகவில்லை. "பாத்தியா!" என்று மார் தட்டினார். நான் கையை எடுத்தேன். கை வரவில்லை. குழாயோடு சேர்த்து என் சிவப்பு வளையல் ஒன்றையும் கம்பிக்குள் கட்டிவிட்டார்.

வீங்கின கை, அதனால் வளையல் கழலாது. கழன்றாலும் வளைகாப்பு வளையலைப் பிள்ளை பெறும்வரை கழற்றக் கூடாது. "ஒடச்சிடலாமா?" என்று இவர் குறடைத் தூக்கினார். மாமியார் அந்தக் கையிலேயே ஒரு அடி போட்டார். "வளகாப்பு வளையல ஒடப்பியா? பாவி!"

"கம்பியப் பிரியேன்யா!"

"பிரிச்சா அம்மாந்தண்ணியும் கொட்டிடும். மறுபடி கட்றதுக்குள்ள ராகு காலம் வந்துடும்மே."

உள்ளே சரோஜா விசும்புகிற சத்தம் கேட்டது. "வண்டிய எடுத்துத் தொலையும்" என்றேன்.

அப்படித்தான் டாஷ்போர்டுக்குள் கையை விட்டபடியே பாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை தணிகாசலம் கோட்டும் சூட்டுமாகப் பின்னால் ஏறினார். நாகம்மா ஏறுவதற்குமுன் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா நைனா, உன் சம்சாரம் உள்ள கைய வுட்டுகினு கீது?"

இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவ கைய எட்த்தா வண்டி நின்னுடுங்க."

அடப்பாவி மனுஷா! ஆனால் பொய்யும் இல்லையே. நாகம்மா மரியாதையாக மாப்பிள்ளை பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே என் வளையல்கள் சலசலத்தன. "உள்ள ரேடியோ கீதா?" என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

ராகு காலம் கழிந்து அங்கிருந்துதான் ஊர்வலம் என்பதால், அம்பத்தூர் பிள்ளையார் கோயிலில் பொழுது சாயும்வரை காத்திருந்தோம். எல்லாரும் இறங்கிச் சுண்டல் சாப்பிட்டார்கள். நாகம்மா மட்டும் என்னிடம் வந்து, "நீ கைய எடுக்காத கண்ணு" என்று தானே ஊட்டிவிட்டார்.

ஊர்வலம் கிளம்பியதும்தான் கொடுமை. பேண்டு வாத்தியக்காரர்கள் நடந்தால் வண்டி நகரும். அவர்கள் ஒரு பாட்டுக்கு நின்றால் வண்டியும் நிற்கும். என்ஜின் கொதித்தது. புது ஹீட்டர் வஞ்சனை இல்லாமல் வேலை செய்தது. உள்ளே என் கை கொழுக்கட்டை மாதிரி வெந்தது. பின்னால் மாப்பிள்ளை கோட்டோடு கரைந்துகொண்டிருந்தார். இவரோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "சூடு நல்லா வர்துல்ல?" என்று பெருமையாகக் கேட்டார். இன்னொரு கையால் கிள்ளினேன், நன்றாக.

சத்திரத்து வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளை இறங்கியதும் இவர் கம்பியைப் பிரித்தார். புஸ்ஸென்று ஆவி, கொதிக்கிற தண்ணீர். அடுத்த நொடி வண்டி ஒரு உதறு உதறி நின்றுபோனது. என் கை வெளியே வந்தது. சிவந்துபோயிருந்தது, ஆனால் ஒரு வளையல்கூட உடையவில்லை.

நாகம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களாடி! அந்தப் பொண்ணு கைய எட்த்துச்சு, வண்டி செத்துப்பூட்ச்சி!"

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் சரோஜாவைப் பாடிக்கு அழைத்துப் போக வாடகைக் கார் வந்தது. நாகம்மா என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்து டாஷ்போர்டில் வைத்த பிறகுதான் ஏறினார். அந்த டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இப்போது பேரன் ஏசி கார் வைத்திருக்கிறான். போன மாதம் எல்லாரும் திருவேற்காட்டுக்குக் கிளம்பினோம். பேரன் சாவியைத் திருகினான். பின் சீட்டில் இருந்த அன்றைய மாப்பிள்ளை தணிகாசலம் அண்ணன், பல்லெல்லாம் போன வாயால் கேட்டார்: "தங்கச்சி, கைய வெச்சிட்டியா?"

சரோஜா சிரித்தாள், குழந்தைகள் சிரித்தார்கள், வண்டி மட்டும் நகரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு டாஷ்போர்டில் கையை வைத்தேன். அப்புறம்தான் பேரன் கிளப்பினான்.