கோதண்ட மாமா சேற்றில் நின்றது

நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கிடங்குக்குக் காவல் இருக்கும் அண்ணன் கங்காதரன் அவர்களுக்கு, பழவேற்காட்டில் மாமனார் வீட்டிலிருந்து தம்பி தாமோதரன் வணங்கி எழுதிய ஓலை. இங்கே அனைவரும் நலம். என் இடுப்புக்குக் கீழே மட்டும் இன்னும் சேற்று நாற்றம்.

"நல்ல தகப்பன் என்றால் சம்பாதித்துப் போடுகிறவன்தான், உடனே கப்பலேறி வா" என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். வருகிறேன். அதற்கு முன் கோதண்ட மாமா செய்ததைக் கேளுங்கள். தம் மகள் ருக்குவைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக எங்கள் பசியாவரத் தீவுக்குப் படகோடு வந்தார், நானும் ஏறிக்கொண்டேன், பாதி ஏரியில் காற்று ஓய்ந்தது, படகு சேற்றில் உட்கார்ந்தது, ருக்குவுக்கு வலி எடுத்தது, எனக்குத் தலை சுற்றியது. "நைனா, பயமா கீது" என்று அவள் அழுதாள். மாமா, "எனுக்கும் பயமாத்தான் கீது கண்ணு. ரெண்டு பேரும் சேந்தே பயப்படலாம், கைய குடு" என்றார். நம் அப்பா ஒருநாளாவது பயந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறாரா அண்ணா? பிறகு மாமா படகைத் தள்ளக் குதித்தார். உதவிக்கு நானும் குதித்து இடுப்புவரை புதைந்துபோனேன். "இன்னா மாப்ளே, நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிற!" என்று என்னைப் பிடுங்கிப் படகில் போட்டார். படகு அசையவே இல்லை. சற்றுத் தள்ளிப் பெண்கள் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வேலம்மா ஒருத்திக்குத்தான் பிரசவம் பார்க்கத் தெரியும், அவளோடுதான் மாமாவுக்கு வலை விரிக்கும் இடத்துக்காக வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. மாமா யோசிக்கவே இல்லை, அங்கிருந்தே கும்பிட்டு, "தாயே, எம் பொண்ண காப்பாத்து" என்று கத்தினார்.

அவள் ஓடி வந்தாள். "சண்டைய அப்பால வச்சிக்கலாம், நீ அந்தாண்ட திரும்பு" என்றாள். மாமா திரும்பி நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டி, பெண் பிறக்கும்வரை ருக்குவின் பிடியை விடவில்லை. குழந்தை அழுததும் அதைவிடச் சத்தமாக அழுதார். "அந்த எடம் உனுக்கே வேலம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதார்.

குழந்தைக்கு இப்படி ஒரு தாத்தா கிடைக்க நான் கொடுத்துவைத்தவன். என் மகளை அவரே பார்த்துக்கொள்வார், ஆகையால் கவலையின்றி அடுத்த கப்பலிலேயே வருகிறேன். அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் அனைவரையும் கடலம்மா காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
தாமோதரன்

பின்குறிப்பு: ஓலையைக் கட்டப்போகும் நேரத்தில் குழந்தை அழுதது. மாமாவிடம் நீட்டினேன். வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார். "எம் பொண்ணு பயந்தா, நான் பக்கத்துல இருந்தேன். உம் பொண்ணு பயந்தா நாகப்பட்னத்துக்கா வரும்?" என்றார். இப்போது என் மடியில் தூங்குகிறாள், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை அண்ணா.